தானாகக் குண்டேறும் ஏர் ரைஃபிள் நமக்கு வேண்டுமா?

ரைஃபிள் கிளப்பின் இளைய உறுப்பினர்களான தம்பி தங்கைகளுக்கு,

கிளப் செலவில் ஒரு செமி ஆட்டோமேட்டிக் ஏர் ரைஃபிள் வாங்க வேண்டும் என்று பொதுக்குழுவுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் மனுவைப் படித்தேன். கிளப் வாங்காவிட்டால் சொந்தமாகவே வாங்கிவிடுவது என்று உங்களில் சிலர் வீட்டில் பேசிக்கொண்டிருப்பதும் தெரியும். "அது நம்பகமானதா அண்ணா, காசு போட்டு வாங்கலாமா?" என்று ஒவ்வொருவராக வந்து கேட்கிறீர்கள். ஆளுக்கு ஒரு பதிலாகச் சொல்லாமல் எல்லோரும் சேர்ந்து படிக்கும்படி எழுதிவிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாகச் செய்யப்பட்ட செமி ஆட்டோமேட்டிக் ஏர் ரைஃபிள்கள் உலகத்தில் இருக்கின்றன. ஆனால் நம் கிளப்பில், நம் ஊர் வெயிலில், நீங்கள் இன்று நிற்கும் படியில் அது வேண்டாம். காரணங்களைக் கேட்டுவிட்டு எதிர்த்து வாக்களித்தாலும் எனக்கு வருத்தமில்லை. கேட்காமல் வாக்களித்தால்தான் வருத்தம்.

வெடிமருந்துத் துப்பாக்கியில் தானாகக் குண்டேறும் ஏற்பாடு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நன்றாக வேலை செய்கிறது. தோட்டா வெடிக்கும்போது பிறக்கும் வாயுவிலும் பின்னுதைப்பிலும் தேவைக்கு மேல் சக்தி மிஞ்சுகிறது. அந்த மிச்சமே போல்ட்டைப் பின்னால் தள்ளி, வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். குண்டின் வேகத்துக்கு அதனால் பெரிய நட்டமில்லை. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, "ஏர் ரைஃபிளில் வெற்றுக்கூடே கிடையாதே, அப்படியென்றால் இன்னும் சுலபம்தானே?" என்று தோன்றுவது இயல்பு. நடப்பது வேறு.

நம் பி.சி.பி. (முன்கூட்டியே காற்றை அமுக்கி அடைத்த) ரைஃபிளின் சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றுதான் முழு முதல். விசையை அழுத்தினால் ஹேமர் போய் வால்வைத் தட்டுகிறது. கண்ணிமைப்பதற்குள் வால்வு திறந்து மூடுகிறது. வெளிவந்த காற்று பெல்லட்டைக் குழல் வழியே தள்ளுகிறது. செமி ஆட்டோமேட்டிக்கில் அதே காற்றில் ஒரு பங்கு பின்பக்கம் திரும்பிப் போல்ட்டைத் தள்ள வேண்டும், ஹேமரை மறுபடி விசையில் மாட்ட வேண்டும், மேகசினை ஒரு அறை நகர்த்த வேண்டும். ஒரு படி அரிசியில் இரண்டு வீட்டுக்கு உலை வைப்பது போன்ற வேலை இது. ஒரு நிரப்பலுக்குக் கிடைக்கும் சூடுகள் குறைகின்றன. அது போனால் போகட்டும். பின்பக்கம் போகும் பங்கு ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால்தான் பெல்லட்டின் வேகமும் ஒரே அளவாக இருக்கும். சிலிண்டரில் அழுத்தம் இறங்க இறங்க அந்தப் பங்கீடு மாறிக்கொண்டே போகும். நல்ல ரெகுலேட்டர் இருந்தால் ஓரளவு கட்டுப்படும். அந்த ரெகுலேட்டரும் பழுதுபார்க்க வேண்டிய இன்னொரு உறுப்புதான்.

அடுத்தது பெல்லட். ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். தலை கனத்து, இடுப்பு ஒடுங்கி, பின்னால் மெல்லிய ஈயப் பாவாடை விரிந்திருக்கும். நகத்தால் அழுத்தினால் நெளிந்துவிடும். பித்தளைத் தோட்டாவை எத்தனை வேகமாகத் தள்ளினாலும் அதன் உருவம் மாறாது. பெல்லட் அப்படியில்லை. மேகசின் அறை குழலின் வாய்க்கு நேராக மயிரிழை விலகி நின்றாலே, போல்ட் தள்ளும் வேகத்தில் பாவாடையின் ஓரம் சீவப்பட்டுவிடும். அந்தப் பெல்லட் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. சீவிய ஈயத்தூள் அறைக்குள்ளேயே தங்கி, பத்துப் பதினைந்து சூட்டுக்குப் பிறகு மேகசினைத் திக்கவைக்கும். கையால் லீவரை இழுத்துத் தள்ளும்போது பெல்லட் சரியாக ஏறவில்லை என்பதை விரல் உணர்ந்துவிடும், உடனே நிறுத்திவிடுவீர்கள். தானாக ஓடும் போல்ட்டுக்கு அந்த உணர்ச்சி கிடையாது.

மூன்றாவது குறையை எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். சில செமி ஆட்டோமேட்டிக் ஏர் ரைஃபிள்களில், காற்று தீரப்போகும் நேரத்தில் போல்ட் பின்னால் போகும் தூரம் குறையும். அடுத்த பெல்லட்டை எடுக்க அந்தத் தூரம் போதும். ஹேமர் விசையில் மாட்டிக்கொள்ளப் போதாது. மாட்டாத ஹேமர் போல்ட்டோடு சேர்ந்து முன்னால் வந்து மறுபடி வால்வைத் தட்டும். ஒரு முறை விசையை அழுத்தினால் இரண்டு, மூன்று பெல்லட் போகும். பழுதுக்காக என் மேசைக்கு வந்த ஒரு துப்பாக்கி இப்படிச் செய்ததை நானே பார்த்திருக்கிறேன். வைத்திருந்தவருக்குக் காரணம் தெரியவில்லை. காற்றை முழுதாக நிரப்பியதும் நோய் மறைந்துவிட்டதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. நம் தளத்தில், பக்கத்துப் பாதையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நிற்கும் இடத்தில், இந்த ஒன்றுக்காகவே நான் அனுமதி மறுப்பேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நிறுவனம் செய்யும் எல்.பி. 50 என்ற ஏர் பிஸ்டல் ஐந்து குண்டு கொண்டது. சுட்டதும் தானே அடுத்ததற்குத் தயாராகிவிடும். விழும் இலக்குப் போட்டிகளுக்கென்றே செய்தது. அதைச் சுட்டுப் பார்த்தவர்கள் குறை சொல்லிக் கேட்டதில்லை. மிகக் குறைந்த சக்தியிலும் தானியங்கி ஏற்பாடு ஒழுங்காக நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்த ஒழுங்குக்குப் பின்னால் இருப்பது கடிகார வேலைப்பாடு, அதற்கேற்ற விலை, அதற்கென்றே தேர்ந்தெடுத்த பெல்லட், தவறாத பராமரிப்பு. ரைஃபிளிலும் ஸ்வீடனின் எஃப்எக்ஸ் மான்சூன், துருக்கியின் ஹட்சான் புல்மாஸ்டர், அமெரிக்காவின் பெஞ்சமின் மராடர் செமி ஆட்டோ என்று பல வந்திருக்கின்றன. இங்கிலாந்தில் பண்ணைத் தொழுவத்தில் இரவில் எலி சுடுகிறவருக்கு இரண்டாவது சூடு உடனே கிடைப்பது உண்மையான உதவி. ஓட்டமாக ஓடும் எலி, லீவர் இழுக்கும் வரை காத்திருக்காது. அவருக்குச் சிலிண்டர் நிரப்பித் தரும் கடை பக்கத்து ஊரில் இருக்கும். ஓ ரிங் போனால் தபாலில் வந்துவிடும். அவருடைய தேவை வேறு, நம்முடையது வேறு.

காற்றுத் துப்பாக்கியின் வரலாற்றில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் ஜிரார்டோனி. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படையில் சேர்ந்த ரைஃபிள் அது. குழலோடு ஒட்டிய நீண்ட கூட்டில் இருபதுக்கும் மேற்பட்ட ஈயக் குண்டுகள், தோளில் சாற்றும் பின்பகுதியே காற்றுக் குடுவை. முனையை மேலே தூக்கி, பக்கவாட்டுக் கட்டையை விரலால் தள்ளினால் ஒரு குண்டு வந்து உட்காரும்; விடுவித்தால் அது குழலுக்கு நேரே போய் நிற்கும். ஒரு சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டாலே பெரிய விஷயமாக இருந்த காலத்தில் அது ஓர் அதிசயம். அது தானியங்கி இல்லை என்பதைக் கவனியுங்கள். காற்று முழுவதும் குண்டைத் தள்ளவே செலவானது. ஏற்றும் வேலை மனித விரலுக்கு. அப்படியிருந்தும் அது படையில் நிலைக்கவில்லை. குடுவையை நிரப்பச் சுமார் 1,500 முறை பம்பு அடிக்க வேண்டும். தோல் வாஷர்கள் காய்ந்தால் காற்று கசியும். பழுது பார்க்கத் தெரிந்த ஆட்கள் போதவில்லை. 1815 வாக்கில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். இருநூறு ஆண்டு கழித்தும் நம் குறைப் பட்டியல் ஏறக்குறைய அதேதான்: பம்பு, வாஷர், பழுது பார்க்கும் ஆள்.

அந்த ரைஃபிளோடு ஒட்டிய இன்னொரு சம்பவமும் உண்டு. அமெரிக்காவின் மேற்கைத் தேடிப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸ் தன்னோடு ஒரு காற்றுத் துப்பாக்கி கொண்டுபோனார். அது ஜிரார்டோனி வகை என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1803 ஆகஸ்ட் இறுதியில் பிட்ஸ்பர்க்கிலிருந்து படகு கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே, பார்க்க விரும்பியவர்களுக்காகக் கரையில் இறங்கி ஐம்பத்தைந்து கஜ தூரத்துக்கு ஏழு முறை சுட்டுக் காட்டினார். பிறகு அந்தத் துப்பாக்கியின் பழக்கம் தெரியாத ஒருவர் கையில் அது போயிற்று. தவறுதலாக வெடித்த குண்டு, நாற்பது கஜம் தள்ளி நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து நெற்றிப்பொட்டைக் கீறியது. அவர் இரத்தம் வழிய விழுந்தார்; இறந்துவிட்டார் என்றே முதலில் பயந்தார்கள். காயம் ஆழமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. லூயிஸ் தன் நாட்குறிப்பின் தொடக்கத்திலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். பல குண்டு கொண்ட துப்பாக்கி கை மாறும்போது, உள்ளே குண்டு இருக்கிறதா என்று வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை.

செமி ஆட்டோமேட்டிக்கில் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. ஒரு சூடு முடிந்த அடுத்த கணமே குழலில் இன்னொரு பெல்லட் உட்கார்ந்திருக்கும். மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பீர்கள். குழலுக்குள் போன பெல்லட் அங்கேயே இருக்கும். தோட்டா போல அதைப் பின்பக்கம் இழுத்து எடுக்க முடியாது. மண் தடுப்பை நோக்கிச் சுட்டுத் தீர்க்க வேண்டும், அல்லது சுத்தம் செய்யும் கம்பியால் தள்ள வேண்டும். நாம் ஏன் ஒவ்வொரு துப்பாக்கியின் குழலிலும் அந்த ஆரஞ்சுப் பாதுகாப்பு இழையைச் செருகச் சொல்லி உயிரை எடுக்கிறோம் என்று யோசியுங்கள். குழலின் இரு முனையிலும் அது தெரிந்தால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று தூரத்தில் நிற்பவரும் நம்ப முடியும்.

நீங்கள் பயில்வது 10 மீட்டர் ஏர் ரைஃபிள். 60 சூடு, 75 நிமிடம். கணக்குப் போட்டால் ஒரு சூட்டுக்கு ஒன்றேகால் நிமிடம். நடுவில் உள்ள பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். ஒரு தடவைக்கு ஒரு பெல்லட் மட்டுமே ஏற்றலாம் என்பது விதி. இதில் வேகமாகக் குண்டேற்றும் கருவிக்கு என்ன வேலை? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது, 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்கியது, நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கியது, எல்லாமே ஒவ்வொரு பெல்லட்டையும் விரலால் எடுத்து வைத்துச் சுட்ட சூடுகள். அந்த விரல் வேலை நேர விரயம் என்று உங்களில் ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த இடைவெளியில்தான் தோள் இறங்குகிறது, மூச்சு திரும்புகிறது, போன சூடு ஏன் இடது பக்கம் போயிற்று என்று மனம் திரும்பிப் பார்க்கிறது. அதைத் துப்பாக்கியிடம் கொடுத்துவிட்டால், உங்களுக்கு மிஞ்சுவது விசையை இழுப்பது மட்டும். பிள்ளைகள் கையில் பத்துக் குண்டு மேகசின் துப்பாக்கி கிடைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் சூடு தவறியதும், அதைச் சரிசெய்யும் அவசரத்தில் மீதி ஒன்பதும் பின்னாலேயே போய்விடும்.

சட்டத்தையும் பாருங்கள். 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் வேண்டும். அரை கிராமுக்குச் சற்று மேலான பெல்லட்டை வினாடிக்கு 270 மீட்டர் வேகத்தில் அனுப்பினாலே 20 ஜூலைத் தொட்டுவிடுவீர்கள். வெளிநாட்டுக் காணொளிகளில் நீங்கள் பார்த்து மயங்கும் செமி ஆட்டோமேட்டிக்குகள் பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும்தான்; ஆற்றலும் இந்த எல்லையைத் தாண்டியது. "தெரிந்தவர் மூலமாக வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். ஒரு வழக்கு விழுந்தால் உங்கள் கல்லூரிச் சேர்க்கையும் விளையாட்டுக் கோட்டாவும் போகும். கிளப்பின் பெயரும் போகும்.

கரியமில வாயுக் குப்பியில் ஓடும் மலிவான பல-குண்டுத் துப்பாக்கிகளைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டார்கள். அமெரிக்காவின் கிராஸ்மன் 1077 போன்றவை. பன்னிரண்டு பெல்லட் கொண்ட சுழல் மேகசின், 12 கிராம் குப்பி. அதில் மேகசினைச் சுழற்றுவது உங்கள் விரல்தான். அதனால் விசை நீளமாகவும் கனமாகவும் இழுக்கும். பொறி எளிது, அதனால் பழுதும் குறைவு. ஆனால் வெப்பத்துக்கு அது அடிமை. குப்பிக்குள் அழுத்தம் 10 டிகிரியில் சுமார் 45 பார், 20 டிகிரியில் 57, 30 டிகிரியில் 72. ஊட்டியில் காலையில் சுட்ட துப்பாக்கியை மே மாதம் வேலூரில் சுட்டால் வேறு துப்பாக்கி போல நடந்துகொள்ளும். 31 டிகிரிக்கு மேல் அந்த வாயு திரவமாகவே நிற்காது. அழுத்தம் கண்டபடி ஏறும், வால்வு திறக்க மறுக்கும். வேகமாகச் சுட்டாலோ குப்பி சில்லிட்டு அழுத்தம் இறங்கும். வேகமாகச் சுடத்தான் வாங்கினோம், வேகமாகச் சுட்டால் வேகம் குறைகிறது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நம் காற்றின் ஈரத்தைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். 200 மில்லி கொள்ளளவு சிலிண்டரில் 200 பார் ஏற்றுவது என்றால் நாற்பது லிட்டர் வெளிக்காற்றை உள்ளே அமுக்குவது. கடலோர ஊரில் 30 டிகிரி வெயிலில் முக்கால் பங்கு ஈரப்பதம் இருக்கும் நாளில் அந்த நாற்பது லிட்டரில் ஏறக்குறைய ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். பம்பின் வடிகட்டி கொஞ்சம் பிடிக்கும். மீதி உள்ளே போய்த் துருவாகும், ரெகுலேட்டரைக் கெடுக்கும். காற்றை அதிகம் குடிக்கும் துப்பாக்கிக்கு அடிக்கடி நிரப்ப வேண்டும். அடிக்கடி நிரப்பினால் அந்த அளவுக்குத் தண்ணீரும் உள்ளே போகும். கைப் பம்பால் நிரப்பிப் பாருங்கள். பாதி காலியான சிலிண்டரை முழுதாக்க நூறு முறைக்கு மேல் அடித்துவிட்டு உடனே துப்பாக்கியைத் தோளில் வைத்தால், உங்கள் நாடித்துடிப்பை இலக்கிலேயே எண்ணலாம்.

திக்கும் மேகசினைச் சரிசெய்ய வீட்டிலிருக்கும் தையல் மெஷின் ஆயிலையோ தேங்காய் எண்ணெயையோ விடுகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அமுக்கிய காற்றோடு எண்ணெய் சேர்ந்து திடீரென அழுத்தம் ஏறினால் டீசல் எஞ்சினில் நடப்பதுபோலத் தீப்பற்றும், உள்ளுறுப்பு சிதறும். உயரழுத்தக் காற்று படும் இடத்தில் அதற்கென்ற சிலிக்கோன் கிரீஸ் தவிர எதுவும் கூடாது. அடிக்கடி திக்கும் பொறி வீட்டில் இருந்தால் யாராவது ஒரு நாள் எண்ணெய்க் குப்பியைத் தேடத்தான் செய்வார்கள். அந்தப் பயமும் எனக்கு இருக்கிறது.

சொந்தமாக வாங்க நினைப்பவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். வாங்கி எங்கே சுடுவீர்கள்? தாத்தாவின் தோப்பு என்று சிலர் சொன்னீர்கள். தோப்பில் அட்டை இலக்கு ஒரு வாரத்தில் சலித்துவிடும். பிறகு கிளையில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒன்று கண்ணில் படும். மயிலோ கொக்கோ உடும்போ, எதைச் சுட்டாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மன்னிப்பில்லை. உரிமம் தேவைப்படாத துப்பாக்கி என்பது வாதமாகாது. அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டத்தின் லும்துங் கிராமத்தில் ஏர் கன் ஒப்படைக்கும் இயக்கம் ஒன்று தொடங்கியது. வேட்டையையே மரபாகக் கொண்ட மக்கள், காடு ஊமையாகிப்போவதைப் பார்த்துத் தாங்களாகவே துப்பாக்கிகளைக் கொண்டுவந்து அரசிடம் கொடுத்தார்கள். அதில் பெரும்பாலானவை சாதாரண ஒற்றைக் குண்டுத் துப்பாக்கிகள். அவையே காட்டைக் காலி செய்யப் போதுமாக இருந்தன என்றால், விசையை இழுத்துக்கொண்டே இருக்கக்கூடிய ஒன்றைத் தோப்புக்குக் கொண்டுபோவதை நினைத்துப் பாருங்கள்.

அப்படியென்றால் கிளப் பணத்தை என்ன செய்வது? என் யோசனை இது. மனுவில் கேட்டிருக்கும் தொகைக்கு, உரிமம் தேவைப்படாத 4.5 மில்லிமீட்டர் ரெகுலேட்டர் வைத்த ஒற்றைக் குண்டு பி.சி.பி. ரைஃபிள்கள் இரண்டு வாங்கலாம். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஒன்றிலாவது லீவரை இடப்பக்கம் மாற்றிப் பொருத்த முடிய வேண்டும். ஈரம் வடிகட்டும் அமைப்போடு ஒரு பெரிய சேமிப்புச் சிலிண்டர் வேண்டும். அழுத்தச் சோதனைத் தேதி அதன் கழுத்தில் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மிச்சம் இருந்தால் ஒரே தயாரிப்பு எண் கொண்ட பெல்லட் டப்பாக்கள். மேகசின் வைத்த துப்பாக்கி ஒன்று வேண்டும் என்றே பொதுக்குழு முடிவு செய்தால், கையால் லீவர் இழுக்கும் வகையாக இருக்கட்டும். பத்துக் குண்டு மேகசின் அதிலும் உண்டு; இரண்டாவது சூடு இரண்டு வினாடியில் கிடைத்துவிடும்; காற்றும் வீணாகாது.

செமி ஆட்டோமேட்டிக்கின் மேல் உங்களுக்கு இருக்கும் ஆர்வத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. அது ஒரு அழகான பொறியியல் புதிர். அதைச் செய்து பார்த்த ஸ்வீடன்காரரையும் துருக்கிக்காரரையும் போல உங்களில் ஒருவர் ஒருநாள் இங்கேயே ஒரு நல்ல வால்வு வரைந்தால் முதல் ஆளாக வந்து கை குலுக்குவேன். பொறி எப்படி ஓடுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு பயிற்சி முடிந்ததும் பட்டறைப் பக்கம் வாருங்கள். பழுதடைந்து என்னிடமே தங்கிவிட்ட ஒன்று இருக்கிறது; காற்று இல்லாமல், குழல் கழற்றிய நிலையில். போல்ட், ஹேமர், விசை மூன்றையும் பிரித்து மேசையில் பரப்பிக் காட்டுகிறேன். பார்த்துவிட்டு பொதுக்குழுவில் உங்கள் வாக்கைப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கிளப்பின் மூத்த உறுப்பினர்